பிலிப்பினோக்களுக்குள் ஊர்ப்பேச்சுக் கிண்டல்: வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன சொல்வது?

கோத்தகிரி_வகுப்பறை கேட்டது:

வணக்கம். கோத்தகிரியில் ஓட்டல் வேலைப் பயிற்சி முடித்து வளைகுடாவுக்கும் பயணக் கப்பலுக்கும் போகிற பிள்ளைகளுக்கு, புறப்படும் முன் ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்று எடுக்க வேண்டும். விசா, மருத்துவச் சோதனை, சம்பளச் சீட்டு பற்றியெல்லாம் சொல்ல வேறு ஆள் இருக்கிறது. என் தலைப்பு கூட வேலை செய்கிறவர்கள் பற்றியது.

போகிற இடத்தில் ஹவுஸ்கீப்பிங், சமையலறை, ஃப்ரண்ட் ஆபீஸ் எங்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சீனியர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்குள் மணிலாப் பக்கத்து ஆட்கள் 'பிஸாயா' ஆட்களின் பேச்சை நடித்துக் காட்டிச் சிரிப்பது சகஜமாம். நம் பையன்கள் நட்பு பிடிக்கிற ஆசையில் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்கிறார்கள், ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திருப்பியும் சொல்கிறார்கள். ஆறு மாதம் கழித்து டியூட்டி போடுகிறவர் அந்தப் பிஸாயாக்காரராகவே இருப்பார்.

இந்தக் கிண்டல் எங்கிருந்து வருகிறது, எந்தெந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூடாது? நம்மூர் உதாரணம் சொல்லி விளக்கலாமா? வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளை, தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற பிள்ளை எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக ஆங்கிலப் பேச்சுக்கு மதிப்பெண் போடுகிறபோது நாங்களே இதே தப்பைச் செய்யாமல் இருக்க வழி உண்டா?

---

மொழிக்கிறுக்கு:

'பிஸாயா' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான். பிலிப்பைன்ஸின் நடுவில் இருக்கும் தீவுக்கூட்டத்துக்கு விசாயாஸ் என்று பெயர். செபு, போஹோல், லெய்ட்டே, சமார், நெக்ரோஸ், பனாய் எல்லாம் அதில் அடக்கம். செபு, போஹோலில் பேசுவது செபுவானோ. பேசுகிறவர்களே அதைப் பிஸாயா என்றுதான் சொல்வார்கள். குடியேறியவர்கள் தெற்கே மின்டனாவோவுக்குக் கொண்டுபோனதால் டாவாவோ நகரத் தெருவிலும் அதே பேச்சு. ஆனால் இலோயிலோ, பக்கோலோட் பக்கத்து இலோங்கோவும், சமார் பக்கத்து வாராயும் தனித்தனி மொழிகள். மணிலாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரே மூட்டை. விந்தியத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் நம்மூரில் 'சேட்டு' ஆகிவிடுவதைப் போல.

அந்த நாட்டில் 170-க்கு மேல் மொழிகள். 1937 டிசம்பர் 30 அன்று ஜனாதிபதி கெஸோன் தேசிய மொழிக்கு அடிப்படையாக மணிலா வட்டாரத்து தகாலோகை அறிவித்தார். 1959-ல் அதற்குப் 'பிலிப்பினோ' என்று 'ப'கரத்தில் பெயர் வைத்தார்கள். 1987 அரசியல் சட்டத்தில் அது 'ஃபிலிப்பினோ' ஆனது. செபுக்காரர் காதில் இதெல்லாம் எப்படி விழும்? உன் ஊர்மொழியை எடுத்து எல்லாருக்கும் பொதுமொழி என்று பெயர் வைத்துவிட்டு, அதை நான் உன்னைப் போலவே பேசவில்லை என்று சிரிக்கிறாயே என்றுதான் விழும்.

இனி ஒலி. செபுவானோவின் அடிப்படை உயிரொலிகள் மூன்று: அ, இ, உ. எகரமும் ஒகரமும் பெரும்பாலும் ஸ்பானிஷ் வழியாக வந்த சொற்களோடு நுழைந்தவை. அதனால் தகாலோக் பேசும்போது எ போய் இ வரும், ஒ போய் உ வரும். 'பெரோ' (ஆனால்) என்பது 'பிரோ' ஆகும். மணிலாக்காரர் நடித்துக் காட்டுவது முக்கால்வாசி இந்த ஒன்றைத்தான். வேடிக்கை என்னவென்றால் தகாலோகுக்கும் பழைய கணக்கில் மூன்றே உயிர்தான். ஆண் என்பதற்கு 'லலாகி' என்றும் 'லலாகே' என்றும் இன்றைக்கும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

வேலையிடத்தில் இதைவிடப் பெரிய சங்கடம் 'போ'. தகாலோகில் மரியாதைக்கு வாக்கியத்தில் 'போ' சேர்க்க வேண்டும், 'ஆமாம்' என்பதற்கு 'ஓபோ' என்று சொல்ல வேண்டும். நம் 'ங்க' மாதிரி. செபுவானோவில் அந்தச் சொல்லே கிடையாது. மரியாதையைக் குரலிலும் 'பாலிஹுக்' (தயவுசெய்து) போன்ற சொல்லிலும் காட்டுவார்கள். செபுவிலிருந்து வந்தவர் தகாலோக் பேசும்போது 'போ' விட்டுப்போகும். உடனே 'திமிர் பிடித்தவன்' என்று பெயர். 'ங்க' போடாத சென்னைப் பையன் கோயம்புத்தூரில் வாங்கும் பெயர் அதேதான்.

இன்னொரு விஷயம், பல செபுக்காரர்கள் மணிலா ஆளிடம் தகாலோகை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். பந்தா என்று நினைக்காதீர்கள். தகாலோகில் பேசினால் சிரிப்பார்கள், ஆங்கிலத்தில் இருவரும் சமம் என்பதுதான் கணக்கு.

---

ரூம்சர்வீஸ்_நோட்டு:

மேலே சொன்னது அத்தனையும் சரிங்க. நான் வகுப்புல போர்டுல எழுதிப் போடறதுக்கு மட்டும் சொல்றேன்.

'இன்டாய்'. விசாயாஸ்ல இது பாசமா கூப்பிடற சொல்லு, நம்ம 'கண்ணு', 'பாப்பா' மாதிரி. மணிலாவுல அது வீட்டு வேலைக்காரப் பொண்ணுக்கான பேராவே மாறிப்போச்சு. அங்கத்த டிவி காமெடில வேலைக்காரி, டிரைவர்னாலே பிஸாயா இழுவையோட பேச வெப்பாங்க. நம்ம சினிமாவுல டீக்கடைன்னா மலையாளம், வாட்ச்மேன்னா 'ஷாப்'னு கூர்க்கா தமிழ் வெக்கறாங்களே, அதே சமாச்சாரம். ஒரு செபு அக்காவை நம்ம பையன் 'இன்டாய்'னு கூப்பிட்டான்னா அவங்க எதை எடுத்துக்குவாங்கன்னு அவனுக்குத் தெரியாது. அதனால வேண்டவே வேண்டாம். மூத்தவங்களை 'குயா' (அண்ணா), 'ஆத்தே' (அக்கா)ன்னு கூப்பிட்டா எந்தத் தீவுக்காரருக்கும் வருத்தமில்லை. மொத நாள் மட்டும் சார், மேடம் போதும்.

'ப்ரோம்டி'. மாகாணத்திலிருந்து வந்தவன்கறதை ஆங்கிலத்துல சொல்லி, முன்பாதியை மட்டும் நறுக்கிக்கிட்டது. பட்டிக்காட்டான்னு அர்த்தம். அவங்களே தங்களைச் சொல்லிச் சிரிச்சுக்குவாங்க, நாம சொல்லக்கூடாது. 'பிஸ்டாக்' அப்படித்தான், பிஸாயாக்காரங்க பெருமையா போட்டுக்கற பட்டம். வெளியாள் வாயில வந்தா வேற.

'மே புந்தோ'. பேச்சுல இழுவை இருக்குன்னு அர்த்தம். வசவு இல்லை, ஆனா ஒருத்தர் முகத்துக்கு நேரா சொல்ற விஷயமும் இல்லை.

ஊருக்கு ஊர் முத்திரையும் உண்டுங்க. வடக்கத்தி இலோகானோன்னா கஞ்சன், வாராய்னா சண்டைக்காரன், இலோங்கோன்னா குரலே கொஞ்சல், கோவத்துல கத்தினாக்கூட நம்ப மாட்டாங்க. பம்பாங்கா மாகாணத்து ஆளுங்க சமையல்ல கெட்டி, சமையலறைல அவங்களைப் பார்த்தா ஆச்சரியப்படாதீங்க. ஆனா அவங்களுக்கு 'நாய் ரத்தம்'னு ஒரு கெட்ட பேரும் இருக்குது. 1901-ல பிலிப்பைன்ஸ் விடுதலைப் போர்த் தலைவர் அகினால்டோவைப் பிடிக்க அமெரிக்கப் படைக்குத் துணை போனது அந்த மாகாணத்து மகபேபே ஊர்ச் சிப்பாய்ங்க. நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பழி ஒட்டிக்கிட்டிருக்கு. இதைத் தமாஷா யாராச்சும் சொன்னா, கேக்காத மாதிரி தட்டைத் துடைக்கப் போயிடணும். பம்பாங்கா பேச்சுல 'ஹ' விழுந்துடும், 'ஹாலோ ஹாலோ' ஐஸ் 'ஆலோ ஆலோ' ஆகும். 'ஹாட்' 'ஆட்' ஆகும். சூடான பாத்திரம் தூக்கற எடத்துல இது தெரிஞ்சிருக்கறது பையன் கைக்கு நல்லது.

அரசியல் பேச்சு கேன்டீன்ல வேண்டாம். டுடெர்டே மின்டனாவோவிலிருந்து வந்த முதல் ஜனாதிபதி, 2016-லிருந்து 2022 வரைக்கும் இருந்தாரு, மேடையிலேயே பிஸாயால பேசினவரு. 2025 மார்ச்சுல கைதாகி ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாங்க. அவருக்கு அப்புறம் ஜனாதிபதியா வந்த மார்கோஸ் வடக்கத்தி இலோகானோ குடும்பம். அந்த ரெண்டு பேரை எடுத்தா பேச்சு ஊர்ச் சண்டையில போய் முடியும்.

அப்புறம் சிரிப்புக்கு ஒண்ணு. கஷ்டமான ஆங்கிலம் பேசினா அவங்க 'நோஸ்ப்ளீட்'னு சொல்லிச் சிரிப்பாங்க. நெஜமா மூக்குல ரத்தம்னு டிஷ்யூ எடுத்துட்டு ஓட வேண்டாம்.

---

கூடலூர்_மேடு:

நம்மூர் உதாரணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை உதாரணமாக்கக் கூடாது. "நீ உங்க வீட்டுல பேசுற மாதிரி பேசிக் காட்டு" என்று ஒரு பிள்ளையை எழுப்பினால், எதைத் தடுக்க வகுப்பு வைத்தீர்களோ அதை நீங்களே நடத்துகிறீர்கள். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் பின்பெஞ்சு சிரிக்கும், அந்தச் சிரிப்பு விடுதி வரைக்கும் போகும்.

நபரை விட்டுவிட்டு வரலாற்றை எடுங்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக அதில் எழுதினார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) அதிலிருந்து வந்தது. அவர்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வந்ததும் ரொட்டியைப் 'பாண்' என்றதற்குச் 'சிலோன்காரன்' ஆகிவிட்டார்கள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. மின்டனாவோவில் பிறந்து மணிலாவில் வேலை தேடுகிறவரின் நிலை பிள்ளைகளுக்கு இதைவிட வேகமாகப் புரியாது.

படுகு பற்றி ஒரு வாக்கியம் போதும். கன்னடத்தின் கிளைப்பேச்சு என்று நெடுநாள் ஒதுக்கப்பட்ட மொழி அது, இன்று பல மொழியியலாளர் அதைத் தனி மொழி என்கிறார்கள். பிலிப்பைன்ஸிலும் செபுவானோ, இலோகானோ எல்லாவற்றையும் 'டயலக்ட்' என்று அந்த நாட்டுக்காரர்களே சொல்வது வழக்கம். நம் பிள்ளை "உங்க டயலக்ட் என்ன?" என்று கேட்காமல் "உங்க மொழி எது?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் கொஞ்சம் மாறும், முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு மூன்று அட்டை எழுதிக்கொள்ளுங்கள். முதல் அட்டையில் மணிலா சக ஊழியர் பிஸாயா மேற்பார்வையாளரைப் போலப் பேசிக்காட்டி உன்னையும் பேசச் சொல்கிறார். அடுத்ததில் வாட்ஸாப் குழுவில் அப்படி ஒரு குரல்பதிவு வருகிறது. மூன்றாவதில் உன் தமிழ் ஆங்கிலத்தையே இருவரும் சேர்ந்து நடிக்கிறார்கள். நான்கு நான்கு பேராகப் பிரித்து, அட்டைக்கு எட்டு நிமிடம். முதல் இரண்டுக்கும் பையன்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் "சும்மா சிரிச்சுட்டு விட்டுருவேன்". மூன்றாவது அட்டை வந்தபின் பதில் மாறும். அந்த வரிசையை மாற்றாதீர்கள், மூன்றாவதை முதலில் வைத்தால் மற்ற இரண்டுக்கும் பாடம் ஒப்பிப்பதுபோல் நல்ல பிள்ளைப் பதில்தான் வரும்.

---

பூம்பாறை_வளைவு:

மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. தகாலோகில் 'புந்தோக்' என்றால் மலை. அமெரிக்கச் சிப்பாய்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய், ஆங்கிலத்தில் 'பூன்டாக்ஸ்' என்றால் நாகரிகம் எட்டாத ஒதுக்குப்புறம் என்று ஆக்கிவிட்டார்கள். செபுவானோவில் மலை 'புகிட்'. 'தாகா புகிட்' என்றால் மலைக்காரன், அதாவது ஒன்றும் தெரியாதவன். மணிலாவால் கிண்டலடிக்கப்படுகிற செபுக்காரரே தன் ஊர் மலைக்காரரை இப்படிச் சொல்வார். மன்னவனூரிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போகிற பிள்ளைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கே லூஸோன் தீவில் பாகியோ என்று ஒரு ஊர், சுமார் 1,500 மீட்டர் உயரம், அமெரிக்கர்கள் கோடைவாசத்துக்குக் கட்டி 1909-ல் நகரமாக்கியது. ஊட்டி, கொடைக்கானல் கதைதான். சுற்றியுள்ள மலைமக்களுக்கு இகோரோட் என்று பொதுப்பெயர், அதற்கும் மலையைச் சேர்ந்தவர் என்றுதான் பொருள். 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அவர்களைக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக உட்காரவைத்தார்கள். 'உங்களுக்கு வால் இருக்கிறதா' என்ற கேள்வியைச் சமவெளிக்காரரிடமிருந்து அவர்கள் கேட்காத தலைமுறை இல்லை. ஒரு பிலிப்பினோ 'நான் பாகியோ' என்றால் நம் பிள்ளை 'நான் நீலகிரி' என்று சொல்லலாம், பனி, கேரட், முட்டைக்கோஸ் என்று பேச்சு தானாக ஓடும். 'நீ இகோரோட்டா?' என்று மட்டும் முதல் நாளே கேட்க வேண்டாம்.

---

கோத்தகிரி_வகுப்பறை:

எல்லாருக்கும் நன்றி. மூன்று அட்டை யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மதிப்பெண் விஷயம் மட்டும் நிற்கிறது. இப்போது எங்கள் தாளில் 'உச்சரிப்பு' என்று 25-க்கு ஒரு கட்டம். மூன்று ஆசிரியர் போட்டால் ஒரே பையனுக்கு 9, 14, 20 என்று வருகிறது.

---

தேர்வுத்தாள்:

அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். 9-க்கும் 20-க்கும் நடுவில் இருப்பது பையனின் பேச்சு கிடையாது, கேட்கிறவரின் ஊர். பதிலுக்கு 'சொன்னது போய்ச் சேர்ந்ததா' என்று அளக்கலாம்.

இருபது ஆர்டர் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை எண், ஒரு பொருள், ஓர் எண்ணிக்கை. பையன் வாசிக்க, இன்னொரு அறையில் இருப்பவர் கேட்டு எழுத வேண்டும். மூன்றும் சரியாக எழுதப்பட்டிருந்தால் ஒரு மதிப்பெண், ஒன்று தவறினாலும் பூஜ்யம். எழுதுகிறவர் இருவர் வேண்டும், அதில் ஒருவர் தமிழ் தெரியாதவராக இருக்க வேண்டும். நீலகிரியில் அதற்குப் பஞ்சமில்லை. ஜார்க்கண்டிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்து ஓட்டலில் வேலை செய்கிற, ஆங்கிலத்தில் ஆர்டர் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். தமிழ் ஆசிரியர் மட்டும் கேட்டால் 'பஸ்ஸு', 'பில்லு' எல்லாம் காதில் தானாகத் திருந்திவிடும், தப்பு தெரியாது.

நேரில் கேட்க வேண்டாம். செல்போனில் பதிவு செய்து, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுங்கள். பெயரும் முகமும் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் காது முன்கூட்டியே முடிவு செய்துவிடும். பாதி ஆர்டரைச் சமையலறைப் புகைபோக்கி விசிறி ஓடும்போது பதியுங்கள், அமைதியான அறையில் எல்லாரும் தேறிவிடுவார்கள்.

உண்மையில் கவிழ்க்கிற இடங்கள் குறைவு. 13/30, 15/50 போன்ற எண் ஜோடிகள். இதற்கு மருந்து 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வது. அடுத்து 'ஃப'வும் 'ப'வும். தமிழிலும் கிடையாது, தகாலோகின் சொந்த ஒலிகளிலும் கிடையாது. முஸ்லிம் விருந்தாளி முள்கரண்டி கேட்டு, அது சமையலறைக்குப் பன்றி இறைச்சியாகப் போய்ச் சேர்ந்தால் சிரித்துத் தப்பிக்க முடியாது. ஃபோர்க், போர்க் இரண்டும் கட்டாயம் இருபதுக்குள் வரட்டும். காபி, காப்பி எடுத்தல் ஜோடியும் வரட்டும். குறில் நெடில் நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உண்டு. பிலிப்பினோ சகாவுக்கு 'பெட்ஷீட்'டின் கடைசிப் பாதி குறுகிக் கெட்ட வார்த்தை ஆகிவிடலாம், அப்போது முகத்தைத் திருப்பாமல் 'டூ ஷீட்ஸ், யெஸ்' என்று திருப்பிச் சொன்னால் வேலை முடிந்தது. திருப்பிச் சொல்வதற்கே தனியாக ஐந்து மதிப்பெண் வையுங்கள், ஏனென்றால் எந்த நாட்டுப் பேச்சாக இருந்தாலும் பிழையைப் பிடிப்பது அதுதான்.

20-க்கு 16 வந்தால் அனுப்பலாம். 12-க்குக் கீழே வந்தால் எந்த ஆர்டர்கள் தவறின என்று பாருங்கள். ஏறக்குறைய எப்போதும் காரணம் வேகம்தான், ஒலி இரண்டாவது.

---

கோத்தகிரி_வகுப்பறை:

ஏஜென்சிக்காரர் 'நியூட்ரல் ஆக்சென்ட்' என்று படிவத்தில் கேட்கிறாரே, அந்த இடத்தில் என்ன எழுதுவது?

---

தேர்வுத்தாள்:

'20 ஆர்டரில் 17 சரியாகச் சேர்ந்தது, தமிழ் தெரியாதவர் கேட்டு எழுதியது' என்று எழுதிப் பதிவையும் இணைத்து அனுப்புங்கள். ஏஜென்சி அதற்கு மேலும் கேட்டால், எந்த ஆர்டர் புரியவில்லை என்று அவரையே குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

ரூம்சர்வீஸ்_நோட்டு:

அந்தப் பதிவுல ஒரு துண்டை மட்டும் முப்பது நொடிக்குள்ள வெட்டி அனுப்புங்க. நீளமா இருந்தா தொறந்தே பார்க்க மாட்டாங்க. அப்புறம் வகுப்புக் கடைசில 'மாயோங் புன்தாக்'னு செபுவானோ காலை வணக்கம், 'மகன்டாங் உமாகா'னு தகாலோக் காலை வணக்கம், ரெண்டையும் சொல்லிக்குடுத்துடுங்க. 'சலாமத்' நன்றிக்கு, ரெண்டு மொழிக்கும் அது ஒண்ணுதான். இழுவையை நடிக்காம, நம்ம கோத்தகிரிக் குரல்லயே சொல்லச் சொல்லுங்க.